குறுக்கே விழுகிறவர்

ஐஸ் ஹொக்கியை நான் ஒருபோதும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. பார்க்கப் போயிருக்கிறேன், நல்ல இருக்கையில் இருந்திருக்கிறேன், மற்றவர்களோடு சேர்ந்து கத்தியும் இருக்கிறேன். ஆனால் பக் என்று சொல்லுகிற அந்தக் கறுப்பு வட்டம் எங்கே நிற்கிறது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் சனம் எழும்பிக் கைதட்டித் திரும்பவும் இருந்துவிடும். சுவிஸில் பீல் என்ற நகரத்தில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில், கண்ணில் தூசு விழுந்தால் தெரியுமே, அந்த அளவு திருகாணிகளைப் பிடித்துப் பூட்டுகிறவன் நான். எனக்கு உள்ளங்கை அளவு ரப்பர்த் துண்டு தெரியவில்லை என்றால் கோபம் வராதா?

இருந்தும் ஒரு ஹொக்கி வீரரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவர் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். நானும் மனைவியும் முதலாம் மாடி. ஜேர்மன் மொழியில் நானும் அவரும் ஒருமையில்தான் கதைப்போம், இங்கே அயலவர்களின் வழக்கம் அது. என் மனதுக்குள் அவர் எப்போதும் 'நீங்கள்'தான். ஆகவே அவர் சொன்னவற்றை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

மலைக்கிராமம் ஒன்றில் மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவர். குளிர்காலத்தில் தகப்பன் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்த புல்தரையில் மாலையில் குழாயைத் திறந்துவிட்டால், விடியும்போது விளையாடுகிற ஐஸ் தரை தயார். அங்கேதான் தொடங்கியிருக்கிறார். பதினைந்து வயதில் ஒரு பெரிய கிளப்பின் விடுதிக்குப் போய், இருபது வயதில் முதல் லீக்கில் ஆடினார். பிறகு நான்கு நகரங்கள், ஒரு தடவை கோப்பை, இரண்டு தடவை நாட்டின் அணி. இவ்வளவும் தொழிற்சாலையில் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் என் கட்டடத்தில் இருக்கிறார் என்று தெரிந்த நாளில் இருந்து, பல வருடமாக எனக்குக் காலை வணக்கம் சொல்லாத மேற்பார்வையாளர் என் மேசைக்கு வந்து கோப்பி வேண்டுமா என்று கேட்கத் தொடங்கினார்.

அவர் கோல் போடுகிற ஆள் அல்ல. கோல் விழாமல் குறுக்கே விழுகிற ஆள். எதிரணிக்காரன் பக்கை அடிக்கத் தடியை ஓங்கினால் மற்றவர்கள் விலகுவார்கள், இவர் போய் முன்னால் விழுவார். நெஞ்சு, முழங்கால், தாடை என்று அடி வாங்காத இடம் இல்லை. முன்பற்கள் நான்கும் சொந்தப் பல் இல்லை. சனம் அவரில் உயிரையே வைத்திருந்தது இதற்காகத்தான். கோல் போட்டவனை விட்டுவிட்டு, விழுந்து எழும்பியவரின் பெயரைச் சொல்லி மேளம் அடிப்பார்கள். முப்பத்தாறு வயதில், பெரிய கிளப்புகள் போதும் என்று சொன்ன பிறகு, ரயிலில் அரை மணித்தியாலம் தள்ளியிருக்கும் ஓர் ஊரின் இரண்டாம் லீக் அணிக்கு வந்து சேர்ந்தார். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம் அது.

நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, எங்களை அறிந்த சுவிஸ்காரர் சிலரின் பெயரைக் கேட்டார்கள். அவர் தானாகவே முன்வந்தார். எங்களைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் எழுதினார். அதோடு விடவில்லை, இந்த ஊர்ச் சனம் குளிர்காலத்தில் எதற்குக் கூடுகிறது என்று விசாரணையில் கேட்பார்கள் என்று சொல்லி, எங்கள் சாப்பாட்டு மேசையில் வடையைப் பக் ஆக வைத்துக் கரண்டியால் தள்ளித் தள்ளி எனக்கு விதிகளைச் சொல்லித்தந்தார். விசாரணையில் அந்தக் கேள்வி வந்தது. நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை. எல்லைக் கோடு, தடை நேரம், ஆட்டக்காரர் மாறுகிற முறை என்று அடுக்கிக்கொண்டு போக, குழுவில் இருந்த ஓர் அம்மா கையை உயர்த்தி, போதும் ஐயா, நம்புகிறோம் என்றார். கடவுச்சீட்டு கைக்கு வந்த அன்று நான் முதலில் ஏறிப் போனது மூன்றாம் மாடிக்குத்தான்.

இனி லுசேர்ண் பற்றிச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது ஒருவருக்கும் விளங்காது. அகதியாக வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுவது. ஆறு தமிழர்கள் இருந்தோம். எங்களில் மூத்தவர் நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர், ஆனால் சில நாட்களில் காலையிலேயே குடிவெறியில் வந்து நிற்பார். தலைமைச் சமையல்காரர் கண்டால் வேலை போய்விடும், வேலை போனால் வதிவிட அனுமதியும் ஆட்டம் காணும். அதனால் நாங்கள் அவரை உருளைக்கிழங்கு அறையில் இருத்தி, வெறி முறியத் தேசிக்காய்த் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அவருடைய கோப்பைகளையும் சேர்த்துக் கழுவுவோம். எங்கே அவர் என்று கேட்டால், வெங்காயம் எடுக்கப் போனார் என்போம். அடுத்த நாள் அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடமாட்டோம். அவரே, "நேற்று தம்பியவை..." என்று தொடங்கினாலும், "அண்ணை, தேத்தண்ணி குடிச்சீங்களோ?" என்று வெட்டிவிடுவோம். ஒரு பெரிய மனிதரைத் தலை குனிய வைக்கக்கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். அவர் ஓய்வூதியம் எடுக்கும் வரைக்கும் அதே குசினியில் வேலை செய்தார். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது, அதுதான் என்னைக் குழப்புகிறது.

ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. வியாழன் எங்கள் சலவை முறை. கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு சலவை இயந்திரங்கள். யாருக்கு எந்த நாள் என்று சுவரில் ஒட்டியிருக்கும், அதை மீறினால் அயலவர் முகம் ஆறு மாதத்துக்குத் திரும்பாது. எனக்குப் பிற்பகல் வேலை என்பதால் காலையில் கூடையோடு இறங்கினேன். மூன்றாம் மாடிக்காரர் அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்தார். கை கண்ணை மறைத்திருந்தது. இயந்திரம் வெறுமையாகச் சுழன்றுகொண்டிருக்க, அவருடைய உடுப்புகள் தோய்க்காமலே கூடைக்குள் கிடந்தன.

"இண்டைக்கு என்ன நாள்?" என்று கேட்டார்.

"வியாழன். எங்கடை முறை" என்றேன்.

எழும்பப் பார்த்தார், சுவரைப் பிடித்தார். எனக்கு விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மனிதர் காலையிலேயே போட்டிருக்கிறார். தனி ஆள், வயதும் போகிறது, விளையாட்டும் முடியப்போகிறது, குடிக்காமல் என்ன செய்வார் என்று எனக்குள் பெரிய அனுதாபம் வேறு. தோளில் கை போட்டுப் படியேற்றிக் கூட்டிப் போனேன். இரண்டாம் மாடியில் வேறு ஆட்களின் கதவுப் பூட்டில் தன் திறப்பைப் போட்டுத் திருகினார். மெல்லத் திருப்பி அவர் வீட்டில் கொண்டுபோய்க் கிடத்தினேன். வீட்டுக்கு ஓடிவந்து தேசிக்காய் பிழிந்து உப்புப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதையும் குடித்தார். பிறகு கீழே போய் அவருடைய உடுப்புகளையும் தோய்த்து, காயவைத்து, மடித்து அவர் கதவடியில் வைத்தேன். அன்று முழுக்க நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வேலை செய்தேன்.

மறுநாள் கடிதப் பெட்டியடியில் சந்தித்தோம்.

"நேற்று நடந்தது..." என்று தொடங்கினார்.

"இந்த வருசம் பனி கெதியா வரும்போலை கிடக்கு" என்றேன்.

என்னைச் சிறிது நேரம் பார்த்தார். ஓம், மலையில் ஏற்கெனவே கொட்டத் தொடங்கிவிட்டது என்று தகப்பன் சொன்னதாகச் சொன்னார். அப்போது அவருடைய முகத்தில் இருந்தது நன்றி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

டிசம்பரில் இரண்டாவது தடவை. நடுப்பகல், கட்டடத்தின் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில், காரின் கதவைப் பிடித்தபடி பனியில் ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். நான் மோர் கரைத்துக்கொண்டு ஓடினேன். அதைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்து, என் கையைப் பிடித்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டீங்கள்தானே? கிளப்புக்குத் தெரிஞ்சால் விளையாட விடமாட்டினம். மார்ச்சிலை ஆட்டங்கள் முடியும் வரைக்கும்தான். பிறகு நானே நிப்பாட்டிடுவன்."

"நான் ஒண்டும் காணேல்லை" என்றேன்.

"உங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. இவ்வளவு பெரிய வீரர் என்னிடம் தன் மானத்தை ஒப்படைக்கிறாரே என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் பியர் வேண்டாம் என்று தண்ணீர்தான் குடித்தவர். அதைக்கூட, மறைத்துக் குடிக்கிறவர்கள் ஆட்களுக்கு முன்னால் இப்படித்தான் என்று எனக்குள் நானே தீர்த்துக்கொண்டேன். புத்திசாலி என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு எப்போதும் உண்டு.

மனைவிக்குச் சொல்லவில்லை. அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். தெரிந்தால் நேரே மேலே ஏறிப்போய், என்ன பிரச்சினை என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். லுசேர்ண் சட்டப்படி அது பெருங்குற்றம்.

ஜனவரியில் ஒரு காலை, கட்டட வாசலில் ஒரு பெண் அவருடைய மணியை அழுத்திக்கொண்டு நின்றாள். கிளப்பில் ஆட்டக்காரர்களின் உடல்நலத்தைப் பார்க்கிறவள் என்று தன்னை அறிமுகப்படுத்தினாள். அவர் வெளியே போயிருந்தார். நான் அயலவர் என்று தெரிந்ததும் கேட்கத் தொடங்கினாள். அவர் நன்றாக நித்திரை கொள்ளுகிறாரா? வெளிச்சம் கூசுகிறது என்று சொன்னாரா? எதையாவது மறக்கிறாரா? போன மாதம் ஓர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டது, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்றாள். தலையில் அடி என்று அவள் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. ஆனால் அது குடியைக் கண்டுபிடிக்கப் போடுகிற தூண்டில் என்று எனக்குப் பட்டது. எங்கே அவர் என்று கேட்ட அந்த லுசேர்ண் தலைமைச் சமையல்காரரின் குரல்தான் எனக்குக் கேட்டது.

"அவரோ? படியை மூண்டு மூண்டாய்ப் பாய்ஞ்சு ஏறுறார். ஞாபகமோ? என்ரை சலவை முறை எனக்கு மறந்தாலும் அவருக்கு மறவாது" என்றேன்.

அவள் மூச்சு விட்டுச் சிரித்தாள். நன்றி, இது பெரிய ஆறுதல் என்று சொல்லிப் போனாள். நான் வீட்டுக்குள் வந்து ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தபடி சமைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஆட்டத்துக்கு அவர் தந்த ரிக்கற்றில் போனேன். இரண்டாம் பகுதியில், ஓரத் தடுப்பின் பக்கத்தில் ஒருவன் அவரை இடித்தான். பெரிய இடி இல்லை. அவர் விழுந்தார். என் பக்கத்தில் இருந்தவர், ஒன்றுமில்லை, அவர் எப்போதும் எழும்புகிறவர் என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த கச்சான் கடலையைத் தின்றார். மேளம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் முழங்காலில் நின்றார், தடியைத் தேடி எடுத்தார், எழும்பிச் சறுக்கிக்கொண்டு தன் அணியை விட்டு நேரே எதிரணிக்காரரின் இருக்கைகளுக்குப் போனார். சனம் முதலில் சிரித்தது. எதிரணியில் ஒருவன் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றி எறிந்து, அவரைப் பிடித்துக்கொண்டான். மேளம் நின்றுவிட்டது. அவரை வெளியே கூட்டிப் போனபோது இரண்டு அணிக்காரரும் தடிகளால் ஐஸில் மெல்லத் தட்டினார்கள். அடிபட்டுப் போகிறவருக்கு அவர்கள் காட்டுகிற மரியாதை அது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. கோபம் வந்தது. ஆட்டத்துக்கும் போட்டுக்கொண்டோ வருவார் இந்த மனிதர், இவ்வளவு சனத்துக்கு முன்னால் தன்னைத் தானே கெடுத்துக்கொண்டாரே என்று ரயிலில் வரும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் ஏசிக்கொண்டு வந்தேன்.

ஆற்றாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மணந்ததோ?" என்று கேட்டாள்.

"என்ன?"

"குடிச்சால் வாய் மணக்கும். தோளிலை கை போட்டு மூண்டாம் மாடி வரைக்கும் ஏத்தியிருக்கிறீங்கள். பக்கத்திலை நிண்டு மோர் பருக்கியிருக்கிறீங்கள். மணந்ததோ?"

யோசித்தேன். சலவை அறையில் சவர்க்காரத் தூள் மணம். கார் நிறுத்துமிடத்தில் குளிர். அவருடைய மேலில் வியர்வையும் ஏதோ தைலமும் மணந்தன. மதுவின் மணம் ஒரு தடவைகூட வரவில்லை. லுசேர்ண் குசினியில் மூத்தவரின் வாய் மணத்தை வைத்தே நிலைமையை அளந்த ஆள் நான். எனக்கு மூக்கு எங்கே போனது?

"இல்லை" என்றேன்.

அவள் கத்தியை வைத்தாள். "விழுந்து தலை அடிபட்ட எங்கடை ஆச்சிமாரும் இப்பிடித்தான். நாள் கேப்பினம், கண் கூசும், சத்தி எடுப்பினம். எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

பத்திரிகையிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். ஒக்டோபரில் ஒரு அடி, டிசம்பரில் ஒரு அடி, ஆறாததன் மேல் இதுவும். இனி விளையாட முடியாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்களாம். அவரே மறைத்தார், அது அவருடைய முடிவு என்று ஒரு நாள் எனக்கு நானே சொல்லுவேன். அடுத்த நாள் அந்தப் பெண்ணின் சிரிப்பு ஞாபகம் வரும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலே போதும். மூன்று மூன்றாய்ப் பாய்கிறார் என்று சொல்லச் சொன்னது யார்? அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். லுசேர்ணில் அப்படிச் சொன்னதால் ஒரு மனிதர் பிழைத்தார், பீலில் அதே சொல்லால் ஒருவர் கெட்டார். இரண்டும் அன்பினால்தான் செய்தேன். இதை எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் எனக்கு நேராக வரவில்லை.

மே மாதத்தில் அவர் வீட்டைக் காலி செய்து தகப்பனிடம் மலைக்குப் போகிறார் என்று தெரிந்தது. அவர் போவதற்கு முதல் நாள் பிற்பகல் மேலே போனேன். வெளியே நல்ல வெயில், உள்ளே எல்லாத் திரையும் மூடியிருந்தது. வாசித்தால் பத்து நிமிடத்தில் தலை இடிக்கிறது, ரயிலின் சத்தம் தாங்க முடியவில்லை என்றார். மெதுவாகத்தான் கதைத்தார். நான் மன்னிப்புக் கேட்க ஜேர்மன் மொழியில் நான்கு வசனம் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். அதற்கு முதல் அவர் தொடங்கிவிட்டார்.

"அந்தக் குளிர்காலம் முழுக்க உங்களை நினைச்சுத்தான் சமாளிச்சனான். வீட்டிலை தனிய விழுந்து கிடந்தாலும் முதலாம் மாடியிலை ஒருத்தருக்கு விசயம் தெரியும், வந்து பார்ப்பார் எண்டு ஒரு தைரியம். அது இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிருக்கும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மலையில் பனி கரைந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். எனக்குப் பழகிய மரியாதை அதைத்தான் சொன்னது. ஆனால் அந்த மரியாதையால் வந்த வினையைத்தான் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"நீங்கள் குடிச்சிருக்கிறீங்கள் எண்டுதான் நான் நினைச்சனான். தலை அடி எனக்குத் தெரியாது" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். தேசிக்காய்த் தண்ணீர் எதற்கு, மோர் எதற்கு, அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு தலையில் குத்தியிருக்கவேண்டும், இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அடங்கினார். தான் வாழ்க்கையில் குடித்ததே இல்லை என்றார்.

"அப்ப ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றார்.

"இல்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, மூடியிருந்த திரையைப் பார்த்தபடி, "அப்ப ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றார். நம்ப முடியாமல் இரண்டாம் தரம் சொன்னாரா, முதல் தரம் சொன்னதை மறந்து சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் திரும்பவும் "இல்லை" என்றேன்.